இரண்டு தேடல்கள், ஒரு குருமனை: பழனி மலையில் ஒரு லுத்தரன் சபை

சபைகுருவுக்கான முதல் தேடல் மே மாதத்தில் முடிந்தது. அது தோற்றதற்கு அந்த மே மாதமே பாதிக் காரணம்.

கொடைக்கானலில் 58 குடும்பங்கள் உள்ள சபை. மேல்மலையில் 22 கி.மீ. தள்ளி ஒரு கிளைச்சபை, கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் இன்னொன்று. இருந்த சபைகுரு மாற்றலாகிப் போனார். ஐந்து மாதம் கழித்துப் புதியவர் வந்தார், பதினெட்டாம் மாதம் அவரும் கிளம்பிவிட்டார். அடுத்த தேடல் பதினோரு மாதம் இழுத்தது. அதில் வந்தவர் நிலைத்திருக்கிறார். மலைச்சபைகளில் வழக்கமாக நேர்வதைக் கற்பனையான ஒரு மாதிரிச் சபையில் வைத்துக் காட்டியிருக்கிறோம். குடும்பக் கணக்கும் ரூபாய்க் கணக்கும் விளக்கத்துக்காகப் போட்டவை. சட்டமும் வரலாறும் உள்ளது உள்ளபடி.

அழைப்பது யார்?

லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான, 1530-ல் சமர்ப்பித்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14-ஆம் பிரிவு ஒற்றை வாக்கியம்தான். முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய சாக்கிரமெந்துகளை நடத்தவோ கூடாது என்கிறது. முறை எது என்பதில்தான் திருச்சபைக்குத் திருச்சபை வேறுபாடு. 1919-ல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921-லேயே பேராயர் வந்துவிட்டார். அங்கே சபைகுருவை அமர்த்துவதில் தலைமையின் கை ஓங்கியிருக்கும். அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷனிலிருந்து வந்த மரபோ சபையின் அழைப்பை முன்னே வைக்கும். நம் மாதிரிச் சபை இரண்டும் கலந்தது: சபையின் நிர்வாகக் குழுவான சபைச் சங்கம் பெயர்களைப் பரிந்துரைக்கும், தலைமை இசைவு தரும்.

இதில் பலரும் மறந்துவிடுகிற ஒரு சங்கதி உண்டு. போதகரை அழைக்கவும் நீக்கவும் சபைக்கு உரிமை உண்டு என்று 1523-ல் மார்ட்டின் லூத்தர் எழுதியது சாக்ஸனியின் லைஸ்னிக் ஊர்ச்சபைக்காக. அதே ஊருக்கு, அதே வருடம், சபையின் பொதுப் பணத்துக்கான 'பொதுப் பெட்டி' ஒழுங்கு ஒன்றையும் முன்னுரை எழுதி அச்சுக்குக் கொடுத்தார். போதகரின் பராமரிப்பும் அந்தப் பெட்டியிலிருந்துதான். நகர மன்றம் சொத்துகளைக் கையளிக்க மறுத்ததில் பெட்டி திணறிப்போனது வேறு கதை. அழைப்பும் பெட்டியும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் பேசப்பட்டவை. நம் சபைகள் முதலாவதைப் பற்றி ஜெபக்கூட்டம் வைக்கின்றன, இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

காலியிடம் விழுந்த அன்று

பொறுப்பு ஒப்படைப்பு பெரும்பாலும் பொன்னாடை, டீ, வடையோடு முடிந்துவிடும். முதல் முறை அப்படித்தான் நடந்தது. மூன்றாம் வாரம் மின்கட்டணம் கட்ட வங்கிக்குப் போனபோதுதான், கணக்கில் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் மாற்றலாகிப் போன சபைகுரு என்பது உறைத்தது. கையெழுத்தை மாற்ற சங்கத் தீர்மானம் வேண்டும். கூட்டம் கூட்ட வேண்டிய தலைவரும் அவரே. ஏழு வாரம் காசு முடங்கியது.

இரண்டாவது முறை, ஆராதனை முடிந்த கையோடு பதிவேட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என்று நான்கு பதிவேடுகள், கூடவே உறுப்பினர் பட்டியலான சபை அட்டவணை. ஒவ்வொன்றிலும் கடைசி வரிசை எண்ணைக் குறித்து, அதன் கீழே குறுக்குக் கோடு போட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் யாரும் ஒரு வரியை இடைச்செருக முடியாது. பட்டா, கல்லறைத் தோட்ட வரைபடம், மின் இணைப்பு அட்டை, திருவிருந்துப் பாத்திரங்கள் எண்ணிக்கையோடு, சாவிகள் எந்தப் பூட்டுக்கு எது என்ற சீட்டோடு கைமாறின. வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மானம் சபைகுரு கிளம்பும் முன்பே நிறைவேறியிருந்தது.

இடைக்காலத்துக்குப் பொறுப்பு சபைகுரு ஒருவர் சமவெளியிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வருவார். அன்று திருவிருந்து. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார், அச்சிட்ட பிரசங்கத்தை வாசிப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு எந்தக் கிறிஸ்தவனும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருமணம் அப்படியல்ல. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர் தன் திருச்சபை விதிப்படி திருமணம் நடத்தலாம். பேராயர் முறை இல்லாத திருச்சபையின் குருவானவர் என்றால் அரசு உரிமம் இருக்க வேண்டும். பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடத்த வேண்டும். மலையில் இந்த மாலைக் கெடு வெறும் எழுத்தல்ல. பொறுப்பு சபைகுருவின் வண்டி பெருமாள்மலைப் பக்கம் சீசன் நெரிசலில் மாட்டினால் நான்கு மணித் திருமணம் ஆறரைக்குப் போய்விடும். ஆகவே இடைக்காலத் திருமணங்களை முற்பகலில் மட்டும் வைப்பது என்று தீர்மானித்தார்கள். அவரை முந்தின இரவே மலையேறச் சொன்னார்கள்.

சபை தன்னைப் பற்றி எழுதிய பக்கம்

முதல் தேடலில் வரப்போகிறவர்களுக்கு அனுப்பியது ஒரே ஒரு பக்கம். 'இயற்கை எழில் சூழ்ந்த மலையில் அன்பான சபை, விசாலமான குருமனை, தேவைகள் யாவும் சந்திக்கப்படும்.' சுற்றுலா விடுதி விளம்பரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு.

இரண்டாம் முறை எழுதியது நான்கு பக்கம். 58 குடும்பத்தில் 19-ல் இருப்பது அறுபதைத் தாண்டிய தம்பதியோ தனியாளோ மட்டும். பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை. திடப்படுத்தல் வகுப்புக்கு 6 பேர். மேல்மலைக் கிளையில் 14 குடும்பம். பூண்டு, உருளை, கேரட் என்று விவசாயம். விதைப்பும் எடுப்பும் நடக்கும் வாரங்களில் மாலைக் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு காலை 7.30-க்குத் தாய்ச்சபையில் ஆராதனை முடித்து, 22 கி.மீ. போய் 11 மணிக்கு அங்கே தொடங்க வேண்டும். மூடுபனியில் அந்த 22 கி.மீ.க்கு ஒன்றே கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பைக்கில் போகிறவர் அங்கியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். தலைமைக்குக் கட்ட வேண்டிய பங்கில் எட்டு மாத நிலுவை. கல்லறைத் தோட்டத்தின் கிழக்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு.

கடைசி இரண்டையும் எழுதக் கூடாது என்று சங்கத்தில் பலத்த எதிர்ப்பு. "படிச்சா யாரு வருவா?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். படித்துவிட்டு இரண்டு பேர் வரவில்லை என்பதும் உண்மை. அதை இழப்பாகக் கணக்கிடக் கூடாது. அந்த இருவரும் வந்து பார்த்துவிட்டுப் பதினெட்டு மாதத்தில் போயிருப்பார்கள்.

மே மாதக் கணக்கு

முதல் தேடலில் பொருளாளர் கணக்குப் போட்டது சீசனில். சுற்றுலா வந்தவர்கள் ஆலயத்தை நிறைத்திருந்தார்கள், ஞாயிறு காணிக்கை 11,000 ரூபாய். நான்கு ஞாயிறுக்கு 44,000, சந்தா 12,000, அறுப்பின் பண்டிகை ஏல வருமானம் 1,80,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 15,000. ஆக மாதம் 71,000. சம்பளம் 26,000 தாராளமாகக் கொடுக்கலாம் என்று கடிதம் போனது.

ஜூன் முதல் வாரமே தட்டில் 4,500. ஜூலையில் சந்தாவும் சேர்த்து மாத வரவு 30,000. செலவோ சபைகுருவுக்கு 26,000, உபதேசியாருக்கு 9,000, ஆலயப் பணியாளருக்கு 7,000, மின்சாரம், அப்பம், ரசம், சில்லறைக்கு 3,000, தலைமைப் பங்கு 5,000 என்று 50,000. அறுப்பின் பண்டிகைப் பணம் பிப்ரவரியிலேயே ஒலிபெருக்கி வாங்கப் போய்விட்டது. சம்பளம் முதலில் பத்தாம் தேதிக்குத் தள்ளியது, பிறகு இருபதுக்கு, பிறகு இரண்டு தவணையாக. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மனிதர் யாரிடம் போய்ச் சொல்வார்? அவர் போனதற்குப் 'பிள்ளைகள் படிப்பு' என்று சபைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

வருட வரவை ஒழுங்காகப் போட்டால், சந்தா 1,44,000. சீசன் ஞாயிறு 9-க்கு 99,000. மற்ற 43 ஞாயிறுக்கு 1,93,500. ஏலம் 1,80,000. மொத்தம் 6,16,500. வருடச் செலவு 6,00,000. அதாவது சபையால் இந்தச் சம்பளம் கொடுக்க முடியும். முடியாமல் போனது பணமில்லாததால் அல்ல, பணம் வருகிற மாதமும் போகிற மாதமும் வேறு என்பதால். இரண்டாம் முறை ஏலப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மாதம் 15,000 மட்டும் எடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். சீசனில் வழக்கத்துக்கு மேல் விழும் 58,500-ஐயும் அதே கணக்கில் வைத்தால் மாதத்துக்கு 4,875 கிடைக்கும். மந்தமான மாதத்து 30,000-த்தோடு இவை சேர்ந்து 49,875 ஆகிறது. ஐந்து ஞாயிறு வருகிற மாதங்கள் மிச்சத்தைச் சரிக்கட்டும். ஒலிபெருக்கிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

குருமனை

கொடைக்கானலில் மிஷன் கால வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல் சுவர், தகரக் கூரை, உள்ளே பலகை மச்சு, கணப்படுப்பு. ஏரிப் பக்கத்து லாக் எண்ட் வளாகம் மிசௌரி மிஷனரிகளின் கோடைக்கால இருப்பிடமாக இருந்தது. இப்படிப்பட்ட வீடுகள் பல வெயில் காலத்தில் வந்து போகிறவர்களுக்காகக் கட்டியவை. வருடம் முழுக்கக் குடியிருக்க வேண்டுமென்றால் பராமரிப்பு வேறு ரகம்.

முதல் தேடலில் வந்த சபைகுருவின் குடும்பம் மே மாதம் வீட்டைப் பார்த்தது. புதிதாக வெளிர் மஞ்சள் எமல்ஷன் அடித்திருந்தார்கள், பளிச்சென்று இருந்தது. ஆகஸ்டில் தென்மேற்குச் சுவரை ஒட்டி வைத்திருந்த பீரோவை நகர்த்தினால், பின்னால் ஆள் உயரத்துக்குக் கருப்புப் பூஞ்சை. பெயின்ட் அப்பளம் போல எழும்பி, தொட்டால் உதிர்ந்தது. பீரோவுக்குள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி புள்ளி புள்ளியாகப் பழுத்திருந்தது. சின்னவளுக்கு இழுப்பு.

காரணங்கள் தனித்தனி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். பிளாஸ்டிக் எமல்ஷன் அந்த வழியை அடைத்துவிட்டது. அடிக்க வேண்டியது சுண்ணாம்பு. கூரையில் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஆறங்குலம்தான் இருந்தது. மலைக்காற்று மழைத்தண்ணீரைச் சரிவில் மேல்நோக்கித் தள்ளும், ஆகவே அங்கே ஒன்பது அங்குலமாவது வேண்டும். ஜே போல்ட்டுகளின் தார் வாஷர்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சொட்டு. புகைக்கூண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு வரும் இடத்தில் ஈயத் தகடு கிழிந்திருந்தது. புகைக்கூண்டுக்குள் பறவைக் கூடு இருந்ததால் கணப்படுப்பை மூட்டினால் புகை வீட்டுக்குள். அதனால் 2,000 வாட் ஹீட்டர் வாங்கினார்கள். அது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் இருந்தது 5 ஆம்பியர் பிளக். இரண்டாம் வாரம் பிளக் உருகியது.

பழுது பார்க்கவும் காலம் உண்டு. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் கூரை வேலை முடிய வேண்டும். ஜூனில் பூசிய சுண்ணாம்பு மூடுபனியில் காயாது. அக்டோபர், நவம்பரில் கூரையைப் பிரிக்க நினைப்பதே தப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் மலைச்சாலைகளில் மரங்களைச் சாய்த்துப் போட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் தேடல் பதினோரு மாதம் இழுத்ததில் நான்கு மாதம் இந்த வீட்டுக்காகக் காத்திருந்ததுதான். காத்திருந்தது சரி.

குழுவும் மனுக்களும்

அழைப்புக் குழுவில் ஏழு பேர் போதும். கிளைச்சபைக்கு ஒருவர் வீதம் இருவர், பெண்கள் குறைந்தது இருவர், முப்பதுக்குள் ஒருவர். பொருளாளர் கணக்கு சொல்ல வரலாம், ஓட்டு வேண்டாம். பரிசீலனையில் இருப்பவரின் உறவினர் குழுவிலிருந்து எழுந்துவிட வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பெயர் வந்தபின் சொன்னால் குடும்பச் சண்டை.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் 1733-ல் குருப்பட்டம் பெற்றார். தஞ்சாவூர்ப் பகுதியில் உழைத்த உபதேசியார் ராஜநாயக்கனுக்கு அது கிடைக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயாராக இல்லை என்பதே தடை. அந்தக் கேள்வி இன்று வேறு உடுப்பில் வருகிறது. 'எந்த ஊர்க்காரர்?', 'அம்மா வீடு எங்கே?', 'எந்தக் குடும்பம்?' விண்ணப்பப் படிவத்தில் சொந்த ஊர், தகப்பன் பெயர்க் கட்டங்களை எடுத்துவிட்டு, படித்த இறையியல் கல்லூரி, பணியாற்றிய சபைகள், எத்தனை வருடம் என்பதை மட்டும் கேட்டார்கள். விசாரிக்கிறவர்கள் போனில் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் குழுவின் மேசையில் அந்தத் தகவல் இல்லை, அதை வைத்து வாதாட யாருக்கும் வாய் வரவில்லை. தலைமைக்குக் கையெழுத்தில்லாத மனு இரண்டு போயின. கையெழுத்தில்லாததைப் படிக்க மாட்டோம் என்ற தீர்மானத்தின் நகலைத் தலைமைக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்ததால் அவை அங்கேயே நின்றன.

ஒரு பிரசங்கம் போதாது

பரீட்சைப் பிரசங்கம் என்பது ஏமாற்றும் அளவுகோல். எந்தக் குருவானவரிடமும் நல்ல பிரசங்கம் மூன்று இருக்கும். முதல் முறை குரல்வளத்தில் சபை மயங்கியது. இரண்டாம் முறை வருகிறவரை நவம்பர் மாதம், இரண்டு இரவு, குருமனையிலேயே தங்க அழைத்தார்கள். அன்றைய திருமறைப் பகுதியிலேயே பிரசங்கம். அதோடு ஆறு பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஒரு பாடம், படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுச் சந்திப்பு, கிளைச்சபைக்குப் பைக் பயணம்.

குழு கேட்ட கேள்விகளில் பயன்பட்டது இது: சபைப் பிள்ளை ஒருவன் வேறு கூட்டத்தில் போய் இரண்டாம் முறை முழுக்கு எடுத்துக்கொண்டு வருகிறான், அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிடுகிறான், என்ன செய்வீர்கள்? இது கற்பனைக் கேள்வியல்ல. மலையில் பாதி வீடுகளில் ஒருவராவது வேறு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார்கள். 'விலக்குவேன்' என்று பட்டென்று சொன்னவரும், 'அதெல்லாம் பெரிசு இல்லை' என்று சிரித்தவரும் தேர்வாகவில்லை. மூன்றாமவர், முதலில் அவன் வீட்டுக்குப் போவேன், முதல் ஞானஸ்நானத்தில் என்ன குறை கண்டான் என்று கேட்பேன் என்றார்.

அவரே திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, சம்பளம் எந்தத் தேதியில கைக்கு வரும்?"

செயலாளர் ஒரு நொடி தயங்கினார். "அஞ்சாந்தேதிக்குள்ளங்கய்யா. தீர்மானமாவே போட்டிருக்கோம், படிச்சுப் பாருங்க."

ஓட்டும் கடிதமும்

சபை அட்டவணையில் இறந்தவர்கள் 11 பேர் உயிரோடு இருந்தார்கள். திருமணமாகி வேறு சபைக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். ஓட்டுரிமைக்கு இரண்டு நிபந்தனை: திடப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது திருவிருந்து எடுத்திருக்க வேண்டும். சந்தா நிலுவையை அளவுகோலாக வைத்தால், வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் யாராவது ஒரு பெரியவர் முப்பது பேருக்குச் சேர்த்துக் கட்டிவிடுவார். ஆகவே அட்டவணையை 90 நாள் முன்பே மூடிவிட்டார்கள். மூடிய பட்டியல் மூன்று ஆலயத்திலும் கதவில் ஒட்டப்பட்டது. திருத்தம் கேட்க இரண்டு வாரம். ரகசிய ஓட்டு, மூன்றில் இரண்டு பங்கு. 51 சதவீதத்தில் வருகிறவர் முதல் நாளே 49 சதவீதத்தின் எதிரி.

அழைப்புக் கடிதத்தில் சம்பளத் தொகை, தேதி, பெட்ரோல் படி, எரிவாயு, வருடத்தில் எத்தனை ஞாயிறு விடுப்பு, கூரைப் பராமரிப்பு யார் பொறுப்பு, ஆறாம் மாதம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவது எல்லாம் எண்ணோடு எழுதப்பட்டன. 'தேவனுடைய அழைப்பை வேலை ஒப்பந்தம் ஆக்குகிறீர்கள்' என்று ஒரு குரல் எழுந்தது. லைஸ்னிக் பெட்டியை நினைவுபடுத்த அதைவிட நல்ல இடம் வராது. வந்தவர் கேட்டுச் சேர்த்தது ஒரே வரி: படுக்கையறையில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று.

புதியவரைப் பொறுப்பில் நிலைநிறுத்தும் ஆராதனை பிப்ரவரியில் நடந்தது. பனி போய் வெயில் விழும் மாதம், லாரி மலையேறச் சாலை சுத்தம்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. மேல்மலைக் கிளையில் இடைக்காலம் முழுக்கப் பிரசங்கம் வாசித்தவர், கடைசி சில மாதங்களில் அச்சிட்டதை மூடிவைத்துவிட்டுச் சொந்தமாகவே பேசத் தொடங்கியிருந்தார். ஜனங்களுக்கு அவரைப் பிடிக்கும், அவர்கள் பூண்டு விலை பேசுகிற அதே பேச்சில் அவர் பிரசங்கிப்பார். புதியவர் வந்தபின் அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்தார், நான்காம் வாரம் வரவே இல்லை. சபைகுரு பைக்கை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போய், மாதத்தில் இரண்டு ஞாயிறு திருமறைப் பாடம் வாசிக்கவும் திடப்படுத்தல் பிள்ளைகளுக்கு வாரநாள் வகுப்பு எடுக்கவும் கேட்டிருக்கிறார். வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், வாசிப்பதைப் பற்றி இன்னும் பதில் இல்லை. ஆறாம் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது முதல் வரியாக இருக்கிறது.